லெப்பி-எல்இடி விளக்கு: மலையுச்சிச் சிற்றந்துகளுக்குப் போதுமா?

ஆல்ப்ஸ் மலையில் மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே இரவில் சிற்றந்து எனப்படும் மிகச் சிறிய அந்துப்பூச்சிகளை விளக்கு வைத்துப் பிடிப்பதில் முதல் தொல்லை சுமைதான். பாதரச விளக்கென்றால் ஜெனரேட்டரும் எரிபொருளும் கூடவே வரவேண்டும். அவற்றை முதுகில் கட்டிக்கொண்டு 2,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுவது நடக்கிற காரியமல்ல. ஜெர்மனியில் ஜேனா பல்கலைக்கழகத்தின் குன்னர் பிரேம் உருவாக்கி 2017-இல் விவரம் வெளியிட்ட லெப்பி-எல்இடி விளக்கோ பவர் பேங்க்கிலேயே எரிகிறது. மலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

எடை மட்டும் காரணமல்ல. இதில் 368 நானோமீட்டர் புற ஊதா, 450 நீலம், 530 பச்சை, கூடவே குளிர் வெள்ளை என எல்இடிகள் இருக்கின்றன. பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் கண்கள் கூர்மையாக உணரும் அலைநீளங்கள் இவைதான். பிரேம் அளந்து ஒப்பிட்ட விளக்குகளில் 300 முதல் 400 நானோமீட்டர் வரை அதிகம் உமிழ்ந்தது இதுவே. மின்சாரச் சிக்கனத்திலும் இதுவே முதலிடம். ஆனால் அந்தப் புற ஊதா நம் கண்ணுக்கு ஆகாது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் விளக்கருகே உட்காரக் கூடாது.

ஒளிக்கு வரும் பூச்சி உட்காரக் கட்டும் திரைத்துணியில் பலரும் கோட்டை விடுகிறார்கள். துணியைப் பளிச்சென்று காட்டும் வெண்மையூட்டி புற ஊதாவை உறிஞ்சி நீலமாக மாற்றிவிடும். காசு கொடுத்து வாங்கிய ஒளி துணியோடு போய்விடும். மெல்லிய வலைத்துணியை உருளையாகத் தொங்கவிட்டு, விளக்கை உள்ளே வைப்பது நல்லது. காற்றுக்கு நாலு பக்கமும் கயிறு கட்டிப் பாறை மறைவில் நிறுத்துங்கள். நிலவில்லாத, மேகம் மூடிய இரவே உகந்தது. குளிரில் லித்தியம் மின்கலம் சீக்கிரம் இறங்கிவிடும். பவர் பேங்க்கைக் கம்பளித் துணியில் சுற்றி வையுங்கள், மாற்றுக்கு ஒன்று இருக்கட்டும்.

புதிய இனம் என்று எழுத வேண்டுமானால் விளக்கில் பூச்சி பிடிப்பது பாதி வேலைதான். வந்த பூச்சியை விரலால் தொட்டால் செதில் உதிரும். செதில் போனால் சிறகின் கோலம் போயிற்று. ஒரு குப்பிக்கு ஒன்று என்று உயிரோடு பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, மறுநாள் காலையில் அம்மோனியா ஆவியில் கொல்லுங்கள். அப்போது சிறகு விறைக்காது, விரிக்க எளிது. 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள, துருப்பிடிக்காத தலையில்லா ஊசியை மார்பின் நடுவில் செங்குத்தாக இறக்குங்கள். சாய்ந்தால் இரண்டு சிறகும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஒரு காலை மட்டும் எடுத்து டிஎன்ஏவுக்காக 96 சதவீத எத்தனாலில் போடுங்கள்.

பிறகு வயிற்றைப் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓரிரவு ஊறவைத்துப் பிறப்புறுப்பைச் சுத்தம் செய்வார்கள். சிற்றந்துகளில் இனத்தை இனத்திலிருந்து பிரிக்கும் சான்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அவசரப்பட்டுச் சூடாக்கி அளவு மீறினால் மென்மையான சவ்வுகள் கரைந்துபோகும். ஹோலோடைப்பாக, அதாவது புதிய இனத்தின் பெயருக்கு ஆதாரமாக, குறிக்க வேண்டிய ஒரே மாதிரி அப்படிக் கெட்டால் ஈடு கிடையாது.

இந்த விளக்கின் பெரிய குறை ஆல்ப்ஸின் சாட்லேரியா என்ற சிற்றந்துப் பேரினத்தில் தெரியும். ஒன்றுபோலவே தோன்றும் இனங்கள் பல அதில் ஒளிந்திருப்பதை, 2011-இல் ஆய்வாளர்கள் ஹுமரும் ஹெபர்ட்டும் டிஎன்ஏ பார்கோடையும் (இனத்தை அடையாளம் காட்டும் குறுகிய டிஎன்ஏ துண்டு) உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்து காட்டினார்கள். ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் சிறகு விரிப்புள்ள ஆண் ஒளிக்கு வரும். பெண்ணுக்குச் சிறகு குறுகியது, பறக்காது. விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெண் திரையில் வந்து உட்காரப் போவதில்லை. இது விளக்கின் தவறல்ல. ஆனால் இதை மட்டும் நம்பினால் பெண்ணின் விவரம் இல்லாமலே இனத்தை வெளியிட நேரும்.

எனவே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கல்லையும் புல் அடியையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பகலில் புழு கிடைத்தால் அது தின்னும் செடியோடு எடுத்து வளர்க்கலாம். பெண் கிடைத்தால் அதன் காலையும் தனிக் குப்பியில் போட்டு, அதே சரிவில் ஒளிக்கு வந்த ஆணின் எண்ணையும் உயரத்தையும் சீட்டில் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் ஒரே இனமா என்பதை அந்த இரண்டு கால்களின் பார்கோடுதான் சொல்லும்.