ஏரித் தண்ணீரா, தோட்டத்து மண்ணா?

கொடைக்கானல் ஏரியைப் படமெடுத்து, இயற்கையே படத்தைச் சிதைத்து மாற்றட்டும் என்று பிரிண்டை அதே ஏரித் தண்ணீரில் ஊறப்போடலாம். இல்லையென்றால் வீட்டுத் தோட்டத்து ஈரமண்ணில் புதைக்கலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். என் மனசு தண்ணீர் பக்கம்தான்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மாத்யூ பிராண்ட் ஏரிப் படங்களை அந்தந்த ஏரி நீரிலேயே ஊறவைத்தவர். லேபில் கழுவிய கலர் பிரிண்டில் ஜெலட்டின் என்ற பசைப்படலத்துக்குள் மூன்று சாய அடுக்குகள் உண்டு: மேலே நீலப்பச்சை, நடுவே மெஜந்தா, அடியில் மஞ்சள். ஊற ஊற மேலடுக்குதான் முதலில் போகும். மூன்றாம் வாரம் என் ட்ரேயில் வானத்து நீலம் வடிந்து இளஞ்சிவப்பானது. கரையோர மரங்கள் தணல் நிறத்துக்கு வந்தன. 1863இல் உருவாக்கிய ஏரி, தன் படத்தைத் தானே திருத்தியதுபோல் இருந்தது. (இன்க்ஜெட் பிரிண்ட் இதற்கு ஆகாது, அந்தச் சாய அடுக்குகளே அதில் கிடையாது.)

மண்ணில் பூஞ்சை ஜெலட்டினைத் தின்னும், ஆனால் எந்த இடத்தை என்று சொல்லவே முடியாது. மழைக்காலத்தில் ஒன்றரை மாதம் புதைத்ததில் பாதிப் படம் வழவழவென்று உரிந்துவிட்டது. மீதியில் ஒரு புல்வேர் ஓடிய தடம், நூல்போல வெள்ளையாக. அந்தக் கோடு அவ்வளவு அழகு.

சாயம் இறங்கிய தண்ணீரை ஏரியில் திரும்ப ஊற்றாதீர்கள். சோலைக்காட்டு மண்ணையும் தொட வேண்டாம். ஒரு பிரிண்டுக்காக அதைக் கிளறுவதில் எனக்குச் சம்மதமில்லை.