பழைய லேப்டாப்பும் கம்பெனி பூட்டும்: கோவைக்குப் போய் வாங்குகிற நம் ஊர்க்காரர்கள் கவனத்துக்கு

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துப் பிள்ளைகள் பலர் கல்லூரியில் சேர்ந்ததும் லேப்டாப் வாங்கப் பாலக்காட்டுக்குப் போவதைவிடக் கோவைக்குத்தான் போகிறார்கள். வேலந்தாவளம் தாண்டிவிட்டால் கோவை, கடைகள் அதிகம், பேச்சும் நம் பேச்சு. அப்படிப் போய் வாங்கிய லேப்டாப்பில் என் தங்கை மகளுக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க், விலை 18,500 ரூபாய். பெரிய கம்பெனியில் ஓடிய மெஷின் என்று கடைக்காரரே சொன்னார். "பாஸ்வேர்டெல்லாம் எதுவும் இல்லைங்க, ஆன் பண்ணுனா நேரா உள்ள போயிரும்" என்றார். போட்டுக் காட்டினார், போனது. அவள் வைஃபை, கேமரா, பேட்டரி எல்லாம் பார்த்து, மாடலும் 512 ஜிபியும் எழுதிய பில்லையும் கேட்டு வாங்கினாள்.

சில மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அடிக்கடி நின்று நின்று போனதால் ரீசெட் செய்தாள். முடிந்து வைஃபையில் இணைத்ததும் திரையில் பெங்களூர் கம்பெனி ஒன்றின் பெயர் வந்து, அந்தக் கம்பெனியின் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டது. அதைத் தாண்டி எங்கும் போக முடியவில்லை.

கடைக்குக் கொண்டுபோனாள். "நீங்க ஏதோ மாத்திட்டீங்கம்மா. இது பயாஸ் லாக். போர்டுல இருந்து சிப்பைக் கழட்டி புரோகிராம் பண்ணோணும், 4,500 ஆகும்" என்றார்கள். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள். செமஸ்டர் புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நேரம். ஜிபேயில் கட்டிவிட்டாள். லேப்டாப்பை ஒரு இரவு வைத்திருந்து, திறந்துவிட்டோம் என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்: "மாமா, டி டிரைவையே காணோம்."

ரீசெட் செய்தபோது விண்டோஸ் இருந்த சி டிரைவை மட்டும்தான் அழித்தாள். புராஜெக்ட், ரெக்கார்டு, குடும்பப் படங்கள், ஆதார் நகல் எல்லாம் டி டிரைவில் இருந்தன. இப்போது உள்ளே இருப்பது 256 ஜிபியில் வேறொரு பழைய டிஸ்க். அவளுடைய 512 கடையிலேயே தங்கிவிட்டது. பணம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. ஒரு பெண்பிள்ளையின் படங்களும் ஆவணங்களும் உள்ள டிஸ்க்கை அவளிடம் கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டார்களே, அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

சித்தூரில் சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, இதில் பயாஸ் பாஸ்வேர்டே கிடையாது, சிப்பை யாரும் தொடவும் இல்லை என்றார். நடந்தது இதுதான். பெரிய கம்பெனிகள் லேப்டாப் வாங்கும்போது ஒவ்வொன்றின் அடையாளத்தையும் மைக்ரோசாஃப்ட்டிடம் தங்கள் பெயரில் பதிந்து வைக்கும். ஆட்டோபைலட் என்று பெயர். விண்டோஸைப் புதிதாகப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்த உடனே மெஷின் அங்கே விசாரித்து, "நான் இந்தக் கம்பெனியைச் சேர்ந்தவன்" என்று தெரிந்துகொள்கிறது. நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டு உள்ளே போய்விட்டால் அந்தத் திரை வராது. விற்கும்போது கடையில் செய்ததும் அதுதான், 4,500 வாங்கிக்கொண்டு இரண்டாம் தடவை செய்ததும் அதேதான். அடுத்த முறை ரீசெட் செய்தால் பூட்டு திரும்ப வரும். டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. நிலத்தை உழுது பயிர் வைக்கலாம். பட்டா அடுத்தவர் பெயரில் இருக்கும்வரை அது நம் நிலமில்லை என்பதுபோல.

அந்தப் பதிவை நீக்க வேண்டியது கம்பெனிதான். அதற்குக் காசும் இல்லை. நாங்கள் அந்தக் கம்பெனியின் ஐடி பிரிவுக்கு சீரியல் நம்பரையும் பில் படத்தையும் வைத்து மெயில் போட்டோம். பழைய மெஷின்களை மொத்தமாக ஏலத்தில் கொடுத்தபோது இதன் பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று பதில் எழுதி, நீக்கியும் கொடுத்தார்கள். நண்பர் மறுபடி ரீசெட் செய்து நெட்டில் இணைத்துப் பார்த்தார், கம்பெனி பெயர் வரவில்லை. திருட்டு மெஷினாக இருந்திருந்தால் அதுவும் அந்த மெயிலில் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்தால் வைத்துக்கொள்ளாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆம் பிரிவில் குற்றம்.

பாஸ்வேர்ட் கேட்கிறது என்றாலே எல்லாம் ஒரே பூட்டு என்று நினைக்க வைத்துத்தான் காசு பிடுங்குகிறார்கள். விண்டோஸ் கணக்கின் பாஸ்வேர்ட் மட்டும்தான் தெரியவில்லை, உள்ளே உங்கள் ஃபைல் எதுவும் இல்லை என்றால் புதிதாக விண்டோஸ் போட்டால் முடிந்தது. அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நீலத் திரையில் பிட்லாக்கர் என்று வந்தால், அது டிஸ்க்கில் உள்ளதையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கிறது. எண் இல்லாமல் உள்ளே இருக்கும் ஃபைலை எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் டிஸ்க்கை அழித்துவிட்டு மெஷினைப் பயன்படுத்தலாம்.

உண்மையான பயாஸ் பாஸ்வேர்ட் விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்கும். பழைய டெஸ்க்டாப்பில் சிஆர்2032 என்ற வட்டமான சிறிய பேட்டரியைக் கழற்றி வைத்தால் பெரும்பாலும் போய்விடும். கம்பெனிகளுக்கென்று செய்த லேப்டாப்புகளில் போகாது, ஏனென்றால் அது பேட்டரி இல்லாமலும் நினைவு வைத்திருக்கும் சிப்பில் இருக்கிறது. லெனோவோவின் திங்க்பேட் லேப்டாப்பில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் என்ற பயாஸ் பாஸ்வேர்ட் தொலைந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோ சொல்வது. மேக்புக்கில் 2018 முதல் வந்த டி2 சிப் மாடல்களுக்கும், 2020 முதல் வந்த எம் வரிசைக்கும் ஆக்டிவேஷன் லாக் உண்டு, அதாவது மெஷினை உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு கட்டிவைக்கும் பூட்டு. பழைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அந்த மெஷினை நீக்கித் தர வேண்டும், இல்லையென்றால் முதலில் வாங்கிய பில்லோடு ஆப்பிளிடம் போக வேண்டும். விற்பவர் கையில் இரண்டும் இல்லையென்றால் அந்த மேக்கைத் தொடாதீர்கள்.

அதனால் காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே, உங்கள் கண் முன்னால், முழு ரீசெட் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் கடை வைஃபை வேண்டாம், உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், உட்கார்ந்திருங்கள். "நெட் வேண்டாங்க, அப்புறம் போட்டுக்கலாம்" என்று தடுத்தால் காரணம் உங்களுக்கே புரியும். ஆன் செய்ததும் எஃப்2 அல்லது அந்த மாடலுக்குரிய விசையை அழுத்தி பயாஸுக்குள்ளும் போய், பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பாருங்கள். பில்லில் லேப்டாப்பின் சீரியல் நம்பர் வேண்டும். சர்வீஸுக்குக் கொடுப்பதாக இருந்தால் டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் படம் எடுத்துக்கொண்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

எல்லை தாண்டி வாங்கியதால் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரரும் அதையே சொன்னார்: "கேஸ் போடறதுன்னா கோயமுத்தூர் வரோணும், அலைய முடியுங்களா?" அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். டிஸ்க்கை எடுத்துக்கொண்டது போலீஸ் விஷயம். எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் பதிய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது.

1915-இல் பதிவு செய்தபிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது. 4,500-ஐத் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார்கள். டிஸ்க்கைப் பற்றிக் கேட்டால் பழைய சாமானோடு போய்விட்டது என்கிறார்கள். வாபஸ் வாங்கவில்லை, ஆணையத்துக்கான புகாரை எழுதிக்கொண்டிருக்கிறோம். சர்வீஸுக்குக் கொடுத்து டிஸ்க் மாறி வந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள், நாங்கள் எழுதிய புகாரின் நகலை அனுப்புகிறேன்.