ஜெல்லா, மாத்திரையா, ஊசியா: டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் எது யாருக்கு?

குளித்துவிட்டுத் தோளில் ஜெல்லைப் பூசிக்கொண்டு நிற்கிறார் அப்பா. தூங்கி எழுந்த இரண்டு வயதுக் குழந்தை ஓடி வருகிறது. தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்கிறார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தவர்கள் அதை எடுத்துக்கொள்ள எந்த வழி நல்லது என்று யார் கேட்டாலும் என் கண்முன் முதலில் வருவது இந்தக் காட்சிதான். ஜெல் ஒட்டிய குழந்தைகளுக்குப் பருவம் வருமுன்பே முடி முளைத்து, பிறப்புறுப்பு பெரிதாகியிருக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஜெல்லுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது இதனால்தான். பூசிய இடம் உலர்ந்ததும் சட்டையால் மூட வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இல்லாதவருக்கு நான் முதலில் சொல்வதும் ஜெல்லைத்தான். அளவைக் கூட்டிக் குறைப்பது எளிது; ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திய சில நாட்களில் ரத்தத்தில் ஹார்மோன் அளவு இறங்கிவிடும்.

மாத்திரை என்றதும் கல்லீரலை நினைத்துப் பயப்படுகிறார்கள். பழைய மெத்தில் டெஸ்டோஸ்டிரோனுக்கு அந்தப் பயம் நியாயம். 2019-இல் அனுமதி பெற்ற ஜடென்சோவும், 2022-இல் வந்த டிலாண்டோ, கைசாட்ரெக்ஸ் இரண்டும் வேறு வகை. குடலிலிருந்து நிணநீர் வழியாக ரத்தத்தில் கலப்பதால் கல்லீரலுக்கு நேராகப் போவதில்லை. தினமும் இரண்டு வேளை சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்ற எச்சரிக்கை அட்டையிலேயே உண்டு. ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊசியில் இரண்டு வகை பேசத்தக்கவை. 2018-இல் வந்த, வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலடியில் தானே போட்டுக்கொள்ளும் ஊசிக்கும் அதே அழுத்த எச்சரிக்கை உண்டு. இன்னொன்று ஆமணக்கு எண்ணெயில் கரைத்த, ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிட்டத்தில் போடுவது. தினசரித் தொல்லை இல்லை. எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போனால் இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம் என்பதால், போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார வைக்கிறார்கள்.

இதயத்தைப் பற்றி 2023-இல் வெளிவந்த டிராவர்ஸ் ஆய்வு ஆறுதல் தந்தது. 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களில் மாரடைப்பும் பக்கவாதமும் மருந்தில்லாத வெற்று ஜெல் பூசியவர்களைவிடக் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்றுக் கூடின. அதில் பயன்பட்டது ஜெல் மட்டுமே. ஊசிக்கும் மாத்திரைக்கும் அந்த நற்சான்றிதழைத் தூக்கிக் கொடுப்பது தவறு.

குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதிக்கோ இவற்றில் எதுவுமே பொருந்தாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்வரைகூட இறங்கலாம். அவர்களுக்கு உடலையே ஹார்மோன் சுரக்கத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை அல்லது எச்.சி.ஜி. ஊசி என்ற வேறு பாதை இருக்கிறது. முதல் டோஸுக்கு முன்பே மருத்துவரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.