எனாமல் கிண்ணமும் ஏழு வருட மைக்ரோவேவும்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு மைக்ரோவேவ் வந்து ஏழு வருடம் ஆகிறது. 20 லிட்டர், 800 வாட், கிரில் எதுவும் இல்லாத சாதா மாடல். வறுவலும் தாளிப்பும் இன்றுவரை அதில் செய்ததில்லை. கறி சிவந்து சுருள வேண்டும் என்றால் இரும்புச் சட்டிதான், எண்ணெய் காய்ச்ச இதை நம்பவும் கூடாது.

முதல் வாரமே அப்பத்தாவுக்குச் சீரில் வந்த எனாமல் கிண்ணத்தில் ரசத்தை ஊற்றி உள்ளே வைத்தேன். பார்க்கப் பீங்கான் மாதிரி இருக்கும், ஆனால் பூச்சுக்குள்ளே இருப்பது இரும்புத் தகடு. படபடவென்று பொறி பறக்க, ஓடிப்போய் நிறுத்தினேன். "விறகடுப்புலகூட இப்படிப் பறந்ததில்ல ஆத்தா" என்றார் அப்பத்தா. தங்க விளிம்பு போட்ட பழைய மங்கு, அதாவது பீங்கான் தட்டும் இதே வேலையைக் காட்டும். எவர்சில்வர் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும், நம் ஊர் வீடுகளில் ஏமாற்றுவது இந்த இரண்டும்தான்.

ஃபிரிட்ஜில் இருந்த கோழிக் குழம்பைச் சுடவைப்பதில்தான் நிறையத் தடுமாறினேன். ஓரம் தளதளவென்று கொதிக்கும், நடுத்துண்டு சில்லென்று இருக்கும். நுண்ணலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரைதான் நன்றாக வேலை செய்கிறது, அதற்கு உள்ளே சூடு தானாகப் பரவ நேரம் கொடுக்க வேண்டும். அதனால் இப்போது அகலமான கண்ணாடிப் பாத்திரம், பெரிய துண்டுகள் ஓரத்தில், மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, பவர் 50 சதவீதத்தில் மூன்று நிமிடம், கிளறி இன்னும் இரண்டு, அப்புறம் வெளியே எடுத்து இரண்டு நிமிடம் சும்மா வைக்கிறேன். கோழித் துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், கேக்குக்கு வாங்கிய தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்துக்கொள்வேன்.

முட்டைக் குழம்பு என்றால் முட்டையை இரண்டாகக் கீறாமல் வைக்காதீர்கள். முழு முட்டை உள்ளே வெடிக்காவிட்டாலும் வாயில் கடிக்கும்போது வெடிக்கும், தம்பி உதடு வெந்தது அப்படித்தான்.

கவுனி அரிசி? ஒருதரம் பொங்கி வழிந்து கண்ணாடித் தட்டெல்லாம் ஊதா நிறம். குக்கருக்கே திருப்பிவிட்டேன்.

அப்பளத்துக்கு மட்டும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சொட்டு எண்ணெய் இல்லாமல் ஒன்று ஒன்றாக, ஒவ்வொன்றும் சுமார் 40 வினாடி. அப்பத்தா இப்போது தானே போய் பட்டனை அமுக்குகிறார், கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.