சர்க்கிட்ஸ்கேப்: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

விலங்கு எங்கே வாழும் என்று கணிக்க மேக்ஸென்ட், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போகும் என்று கணிக்க சர்க்கிட்ஸ்கேப். இரண்டும் இலவச மென்பொருள்கள். மேக்ஸென்ட்டைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், அதனால் இரண்டாவது மட்டும்.

இதன் அடிப்படை சூழலியலாளர் பிராட் மெக்ரே 2006-இல் முன்வைத்த யோசனை. நிலப்பரப்பை மின்சுற்றாக நினைத்துக்கொண்டு, படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மின்தடை கொடுக்கிறோம்: காட்டுக்குக் குறைவு, நெடுஞ்சாலைக்கு அதிகம். இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு நடுவே மின்னோட்டம் விட்டால் கிடைத்த வழியிலெல்லாம் பிரிந்து ஓடும், குறுகலான ஒரு வழிதான் மிச்சம் என்றால் அத்தனையும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியும். அந்த இடம் போனால் தொடர்பே போச்சு. 'இதுதான் சிறந்த பாதை' என்று ஒற்றைக் கோடு மட்டும் போடும் முறையில் இது கிடைக்காது. விலங்கு என்னமோ வரைபடத்தை மனப்பாடம் பண்ணிவிட்டுக் கிளம்புகிற மாதிரி அந்த ஒற்றைக் கோட்டு முறை கணக்குப் போடும்.

இப்போதைய 5-ஆம் பதிப்பு ஜூலியா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. கட்டளை வரி (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்குவது) பழகாதவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும். அப்புறம் சரியாகிவிடும்.

நான் பண்ணிய கூத்தைச் சொல்கிறேன். சாலையைக் கடக்கவே முடியாது என்று வைத்து, அந்தக் கட்டங்களைத் தரவு இல்லாதவையாக, அதாவது மின்னோட்டம் நுழையவே முடியாதவையாகக் கொடுத்தேன். படத்தில் பார்த்தால் மின்னோட்டம் சாலையைத் தாண்டிக் கசிகிறது! ஒரு முழு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பக்கத்து 8 கட்டங்களோடும் இணைக்கும் அமைப்பில் ஓடவிட்டிருந்தேன், சாலையோ சாய்வாகப் போகிறது, கட்டங்கள் மூலையோடு மூலை தொடுகிற இடத்தில் மின்னோட்டம் நழுவிப் போயிருக்கிறது. அதே படத்தில் நிஜமாகவே விலங்கு நுழைந்து போகிற சுரங்கவழி ஒன்று, கட்டம் 100 மீட்டர் என்பதால் காணாமலே போயிருந்தது.

பெரிய குறை என்றால், தடை மதிப்புகளை நாம்தான் கொடுக்க வேண்டும், 10 போட்டாலும் 1000 போட்டாலும் மென்பொருள் ஏன் என்று கேட்காது. பலரும் மேக்ஸென்ட் தரும் வாழிடப் பொருத்தத்தை அப்படியே தலைகீழாக்கித் தடையாக வைத்துவிடுகிறார்கள், நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் குட்டி போட்டு வளர்க்க ஆகாத இடத்தையும் இடம்பெயரும் இளம் விலங்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கடந்துவிடும். விலங்குகளுக்கு மாட்டிய கழுத்துப்பட்டை ஜிபிஎஸ் பதிவு செய்த புள்ளிகளை என் படத்தின் மேல் போட்டபோது, நான் அடர்சிவப்பில் தடை என்று காட்டிய வயல்வெளிக்கு நடுவிலேயே புள்ளிகள் வரிசையாகக் கிடந்தன.

5-க்கு 4. கையில் நடமாட்டத் தரவு இல்லாதவர்களுக்கு 2, அதுவும் படம் அழகாக வருகிறது என்பதற்காக.