பல்லி அளக்க ஒரு டிஜிட்டல் வெர்னியர்

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சிறிய பல்லிகளை இனம் பிரித்துப் படிப்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காக, இரண்டு உலோகத் தாடைகளுக்கு இடையில் பொருளைப் பிடித்து அளவைத் திரையில் காட்டும் இந்த 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியரைக் கோவையில், லேத் பட்டறைக்காரர்கள் சாமான் வாங்கும் ஒரு கடையில் வாங்கினேன். சொல்லிக்கொள்ளும்படியான பிராண்ட் இல்லை. விலை ஆயிரத்துச் சொச்சம். "ஷாஃப்ட் அளக்கறதுக்குங்களா மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். பல்லிக்கு என்றதும், "அதுக்கு ஸ்கேலே போதுங்களே" என்றார். வியாபாரத்தைவிட நியாயம் பெரிதென்று நினைக்கிற மனிதர்.

ஸ்கேல் போதாது. பல்லியில் முதலில் அளப்பது மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரையிலான நீளம். வால் அறுந்து மறுபடி முளைக்கும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை, தனியாகக் குறித்துக்கொள்வோம். பாறை இடுக்குகளில் பகலில் திரியும் நெமாஸ்பிஸ் வகைப் பல்லிகளில் சிலவற்றுக்கு இந்த நீளமே மூன்று சென்டிமீட்டர் அளவுதான். கண்ணின் விட்டம், காதுத் துளை, கண்ணுக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட தூரம் என்று போனால் ஓரிரு மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அங்கே வெர்னியர் இல்லாமல் ஒன்றும் ஆகாது.

இந்தக் கருவி 0.01 மி.மீ. வரை காட்டுகிறது. அதில் மயங்க வேண்டாம். இந்த ரகத்தில் 0.02, 0.03 பிசகுவது சகஜம். அதைவிடப் பெரிய பிசகு நம் கட்டைவிரலில் இருக்கிறது. இரும்புத் துண்டு தாடைக்கு இடையில் அசையாமல் இருக்கும், பல்லியின் உடம்பு அமுங்கும். பதப்படுத்த எத்தனாலில் ஊறவைத்து விறைத்த பல்லியானால் கொஞ்சம் வளைந்திருக்கும், அதை நிமிர்த்துகிற விதத்திலேயே அளவு மாறிவிடும். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் 0.1 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். ஒரே ஆளே எல்லா மாதிரிகளையும் அளக்க வேண்டும் என்று கைடுகள் பிடிவாதம் பிடிப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே இந்த வேலைக்கு, பல மடங்கு விலையுள்ள ஜப்பான் வெர்னியர் கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். அதன் வழவழப்பு தனி சுகம்தான், மறுக்கவில்லை.

பிடித்தது, கட்டைவிரலால் உருட்டும் சின்னச் சக்கரம். தாடையை மயிரிழை மயிரிழையாக நகர்த்த முடிகிறது, உயிருள்ள பல்லியைக் கையில் வைத்து அளக்கும்போது அது பெரிய உபகாரம். தாடை நுனிகள் நன்றாகக் கூர்ந்திருப்பதால் தலையின் அகலத்தை எடுக்கச் சிரமமில்லை. ஆனால் அந்தக் கூர்மையே ஆபத்து, காட்டில் அளக்கும்போது உள்ளங்கையில் ஒரு துணியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காதது பேட்டரி. ஆஃப் செய்தாலும் உள்ளே ஏதோ கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும் ரகம் இது, பெட்டியில் சும்மா கிடந்தே செல் தீர்ந்துபோகிறது. செல் இறங்கினால் எண்கள் மினுக்கும். வேகமாக இழுத்துத் தள்ளினால் பூஜ்யம் நகர்ந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு பல்லிக்கும் முன்னால் தாடையை மூடி, 0.00 வருகிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அப்புறம் எத்தனால் பட்டுப் பட்டு, பட்டன் மேலிருந்த எழுத்தும் மங்கிவிட்டது.

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெர்னியர் மட்டும் இனத்தைப் பிரித்துக் கொடுக்காது. ஆனைமலையிலிருந்து 1875இல் விலங்கியலாளர் குந்தர் விவரித்த பல்லி, பின்னால் ஊர்வன ஆய்வாளர் மால்கம் ஸ்மித் உருவாக்கிய திராவிடோகெக்கோ பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி) எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒற்றை ஆளாக இருந்தது. 2019இல் அதே பேரினத்தில் புதிதாக ஆறு இனங்களை விவரித்தார்கள். தொல்பல்லி, மேகமலை என்று அழகான பெயர்கள், ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயர். எல்லாம் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். அவற்றைப் பிரிக்க டி.என்.ஏ. ஒப்பீடு வேண்டியிருந்தது. கூடவே ஆண் பல்லியின் தொடையடித் துளைகள், விரலடித் தட்டுகள் போன்றவற்றை எண்ண வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கைக்கு நல்ல லென்ஸ் வேண்டும், முடிந்தால் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். கையில் இருக்கும் காசில் பெரும்பகுதியை அங்கே போடுங்கள், மிச்சத்தில் இந்த மாதிரி வெர்னியர் தாராளமாகப் போதும். ஐந்துக்கு மூன்றரை தருவேன்.

வாங்கும்போது கடையிலேயே தாடையை மூடி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். நாலைந்து முறை வேகமாக இழுத்து மூடி, பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பெட்டியோடு வரும் செல்லை நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள், எல்.ஆர்.44 இரண்டு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.