ஒரு வாட் நீலமா, ஐந்து மில்லிவாட் பச்சையா?

"ஒரு வாட் நீல லேசர் வாங்கலாம்னு இருக்கேன் அண்ணா. பச்சையைவிட 200 மடங்கு வெளிச்சமா இருக்கும்ல?" எங்களோடு வானம் பார்க்க வரும் கல்லூரித் தம்பி ஒருவன் கேட்டான். நட்சத்திரங்களைச் சுட்டிக்காட்டும் பச்சை லேசர் பாய்ன்டரின் ஐந்து மில்லிவாட்டுக்கு, ஒரு வாட் என்கிற ஆயிரம் மில்லிவாட் 200 மடங்குதான், வகுத்தது சரி. ஆனால் வெளிச்சம் அந்தக் கணக்கில் கூடுவதில்லை.

பகலில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளப் பச்சையைத்தான் மிக நன்றாகப் பார்க்கும். அதை 100 என்று வைத்தால், பச்சை பாய்ன்டரின் 532 நானோமீட்டருக்கு 88. நீல லேசரின் 445-க்கு வெறும் 3. அதனால் ஒரு வாட் நீலம் சுவரில் விழுந்தால், சுமார் 34 மில்லிவாட் பச்சை அளவுக்குத்தான் பளிச்சென்று தெரியும். தம்பி நினைத்த 200 மடங்கு ஏழு மடங்காகச் சுருங்கிவிட்டது. சுடும் திறன் மட்டும் அதே 200 மடங்கு. இந்த ஆசையில் எனக்குப் பயமே அந்த இடைவெளிதான். இரவில் நீலத்துக்கு ஒரு சலுகை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: காற்று நீலத்தைப் பச்சையைப் போல் இரண்டு மடங்கு சிதறடிக்கும், இருட்டுக்குப் பழகிய கண்ணும் நீலத்துக்குக் கொஞ்சம் இசைந்து கொடுக்கும். அதனால் வானத்தில் நீலக் கற்றை நன்றாகவே தெரியும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? நீலத்தில் ஒளியைத் தருவது இன்டியம் காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தியால் ஆன டயோடு. எலக்ட்ரான் மேல்நிலையிலிருந்து கீழே விழும்போது விடும் 2.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் 445 நானோமீட்டர் நீலம். டயோடின் இரு முனைகளும் கண்ணாடிபோல வேலை செய்ய, ஒளி நடுவில் போய்வந்து பெருகி ஒரு முனையில் வெளியேறுகிறது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா 1990-களில் இந்தப் பொருளில் நீல எல்.இ.டி-யையும், பிறகு லேசரையும் செய்துகாட்டினார். நீல எல்.இ.டி-க்காக விஞ்ஞானிகள் அகசாகி, அமனோ இருவரோடும் அவருக்கு 2014-இல் நோபல் கிடைத்தது. இது கைக்கு வந்த வழி இன்னும் சுவாரசியம். கேசியோ நிறுவனம் 2010-இல் விற்ற சில ப்ரொஜெக்டர்களில் தலா 24 நீல டயோடுகள் இருந்தன. ஆர்வலர்கள் ப்ரொஜெக்டரை வாங்கி, பிரித்து, டயோடுகளை உருவி எடுத்தார்கள். அதே வருடம் ஹாங்காங்கின் விக்கட் லேசர்ஸ் நிறுவனம் ஒரு வாட் கைக்கருவியை சுமார் 200 டாலருக்கு விற்கத் தொடங்கியது.

டயோடைத் தவிர அதில் இருப்பது ஒரு பேட்டரி, மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் டிரைவர், சூட்டை இழுக்கும் செம்பு அல்லது பித்தளைக் கூடு, முன்னால் ஒரு லென்ஸ். ஒரு வாட் ஒளிக்கு நாலைந்து வாட் மின்சாரம் உள்ளே போகிறது, மிச்சமெல்லாம் சூடு. அதனால்தான் கொஞ்ச நேரம் எரித்தாலே குழல் கையில் சுடும். இடையிடையே அணைத்து வைக்க வேண்டும்.

பச்சையின் கதை சுற்று வழி. பழைய 532 பாய்ன்டருக்குள் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆக்கும். இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 பச்சை தரும். குளிர் இதற்கு ஆகாது. மலைக்குப் போன ஒரு டிசம்பர் இரவில், எங்கள் பச்சைக் கற்றை மங்கி மங்கி ஓரியன் விண்மீன் கூட்டத்தைத் தொடுவதற்குள் காணாமலே போய்விட்டது. அக்குளில் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்த பிறகுதான் உயிர் வந்தது. இன்னொரு குறை கண்ணுக்கே தெரியாதது. மலிவானவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்காது. அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனம் 2010-இல் சோதித்த ஒரு பாய்ன்டரில் பச்சையைவிட அகச்சிவப்பு அதிகமாக வந்தது. இப்போது கிடைக்கும் 520 நானோமீட்டர் பச்சை நேரடி டயோடு; அதில் இந்தச் சுற்று வழியும் இல்லை, கசிவும் இல்லை.

கற்றையின் வடிவத்தில் பச்சைதான் மேல். 532-இன் புள்ளி வட்டமாக, இறுக்கமாகப் போகும். திறன் கூடிய நீல டயோடின் ஒளி வரும் வாய் அகலமான பட்டை என்பதால், தூரத்தில் விழும் ஒளியும் பட்டையாகவே அகலும். நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்ட அது எதற்கு?

ஊதா, அதாவது 405 நானோமீட்டர், புளூரே டிரைவிலிருந்து வந்தது. வெள்ளைச் சட்டையை ஒளிரவைக்கும், வேடிக்கைக்கு நல்லது. சுட்டிக்காட்ட நீலத்தைவிடப் பல மடங்கு மங்கல்.

எரிப்பதில் நீலத்துக்குப் போட்டியே இல்லை. நண்பர் வைத்திருந்த ஒரு வாட் கருவியைச் செய்தித்தாள் மேல் குவித்துப் பார்த்தோம். ஆரஞ்சுப் பாதுகாப்புக் கண்ணாடிக்குள் நீலப் புள்ளி தெரியவே இல்லை. அச்செழுத்துகளின் கறுப்பிலிருந்து நூல் போலப் புகை எழுவது மட்டும் தெரிந்தது. பக்கத்து வெள்ளைத்தாள் அப்படியே இருந்தது. மரத்தில் எழுத்து பொறிக்கும் மேசை இயந்திரங்களில் இதே டயோடுகள்தான். அங்கே கற்றை கீழ்நோக்கி நிற்கிறது, மூடி இருக்கிறது. கையில் பிடிக்கும்போது அது எங்கே வேண்டுமானாலும் திரும்பும்.

சூரியனை நேராகப் பார்த்தால், சுருங்கிய கண்பாவை வழியே சில மில்லிவாட்தான் உள்ளே போகும். ஒரு வாட் கற்றை நேராக விழுந்தால் அதன் பெரும்பகுதி உள்ளே போய், விழித்திரையில் மிகச் சிறிய இடத்தில் குவியும். இமை மூடக் கால் விநாடி ஆகும். அதற்குள் அந்த இடம் வெந்துவிடும், திரும்ப வராது. அரை வாட்டுக்கு மேல் போனால், லேசர் பாதுகாப்பு வகைகளில் மிக ஆபத்தான நான்காம் வகுப்பு. அதில் கதவுக் கைப்பிடியில் பட்டுத் தெறிப்பதும் ஆபத்து, சுவரில் விழுந்த புள்ளியைக் கிட்டத்தில் உற்றுப் பார்ப்பதும் ஆபத்து.

தம்பிக்கு நான் சொன்னது: வானத்துக்கு 520 நானோமீட்டர், 5 மில்லிவாட் பச்சை போதும், விமானம் வரும் திசையில் மட்டும் நீட்டாதே. மரத்தில் பொறிக்க ஆசை இருந்தால் மூடியுள்ள மேசை இயந்திரம் வாங்கு. கையடக்க ஒரு வாட் நீலத்துக்கு நம் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. அப்படியும் வாங்கித்தான் தீருவேன் என்றால், முதலில் பாதுகாப்புக் கண்ணாடி, அப்புறம்தான் லேசர். கண்ணாடியில் 445 நானோமீட்டர் அடங்கும் அலைநீள எல்லையும், ஒளியடர்த்தி 4 அல்லது அதற்கு மேல் என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும். 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். பெட்டியோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் கண்ணாடியை நம்பாதே. அறையில் எத்தனை பேரோ அத்தனை கண்ணாடி வேண்டும்.